ஒரு வாரத்து வேலை



சிறு பிராயத்தில் பாட்டியிடம் பேய்க் கதை கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்போம். பாழடைந்த மண்டபத்தில் இரவு தங்கிய வழிப்போக்கனுக்கு முதல் ஜாமத்திலேயே சலங்கைச் சத்தம் கேட்டுவிட்டது. இரண்டாம் ஜாமத்தில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் மூன்றாம் ஜாமம் வரைக்கும் அந்த மனிதன் அங்கேயே ஏன் உட்கார்ந்திருந்தான், எழுந்து ஓடிப்போயிருக்கக் கூடாதா என்பதுதான் அந்தக் கேள்வி. என் பாட்டி அதற்குச் சொன்ன விடை, "வெளியிலே நல்ல மழையடா" என்பது. கதைக்கு அது போதுமானதாக இருந்தது, எனக்குப் போதவில்லை. வயது ஏற ஏற, எந்தத் தேசத்தார் செய்த பீதிக் கதையானாலும் திரைப்படமானாலும், அதன் யோக்கியதையை இந்த ஒரு கேள்விக்கு அது சொல்லும் விடையைக் கொண்டே நான் அளந்து வந்திருக்கிறேன்.

நம்முடைய விக்கிரமாதித்தன் கதை தலைமுறை தலைமுறையாய் நிற்பதற்கு ஒரு காரணம் இந்த விடையிலே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வேதாளத்தைத் தோளில் சுமந்துகொண்டு வருவதற்காக அவன் மயானத்து மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது, பயமறியாத வீரன் என்ற காரணத்தினால் மட்டும் நடந்த காரியமன்று. ஒரு சந்நியாசிக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். ஒப்புக்கொண்ட காரியம் முடிகிற வரைக்கும் மயானத்தை விட்டு அவனுக்குப் போக்கிடம் இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் அமெரிக்கப் படத்தில் ராஜாவும் இல்லை, சந்நியாசியும் இல்லை. ஐந்து கூலிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாக்கு ஒன்று இருக்கிறது. அந்த வாக்குக்கு அவர்கள் ஊரில் டெண்டர் என்று பெயர்.

படத்தின் பெயர் 'செஷன் நைன்'. மனநோய் வைத்தியர் நோயாளியை எதிரில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கும் அமர்வுகளில் ஒன்பதாவது என்று அர்த்தம். 2001-ஆம் வருஷம் வெளிவந்தது. இயக்கியவர் பிராட் ஆண்டர்சன். அவரோடு சேர்ந்து கதையை எழுதியவர், அதில் ஒரு வேஷமும் ஏற்று நடித்த ஸ்டீபன் கெவெடன். கார்டன் என்பவன் கல்நார் அகற்றும் சிறு கம்பெனி ஒன்றை நடத்துகிற காண்டிராக்டர். வேலை வந்து பல நாள் ஆகிவிட்டது. வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாகாணத்து டான்வர்ஸ் என்ற ஊரில் மூடிக் கிடக்கும் ஒரு பெரிய மனநோய் ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அவனும் அவனுடைய கூட்டாளி பில் என்பவனும் இடம் பார்க்க வருகிறார்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கக்கூடிய வேலை அது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் கை நழுவிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில், ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று கார்டன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். சொன்னபடி முடித்தால் 10,000 டாலர் போனஸ். அவ்வளவுதான் கதையின் முடிச்சு.

இடம் பார்க்க வந்த அந்த முதல் நாளிலேயே, பகல் வெளிச்சத்தில், வெறும் தாழ்வாரத்தில், கார்டனுடைய பெயரைச் சொல்லி ஒரு குரல் அவனை விசாரிக்கிறது. பாட்டியின் கதையில் இரண்டாம் ஜாமத்தில் வந்த அழைப்பு இங்கே காலை வேளையிலேயே வந்துவிட்டது. அவன் ஒரு கணம் தயங்கி நிற்கிறான். பிறகு வேலையை ஒப்புக்கொள்கிறான். அவன் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு, அந்தத் தயக்கத்தையும் அதன் பின் வந்த சம்மதத்தையும் தவிர வேறு விடையை இந்தப் படம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

இனி அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது படத்துக்காகப் போட்ட செட் அன்று. டான்வர்ஸ் என்று இன்று சொல்லப்படுகிற ஊர், பழைய காலத்தில் சேலம் கிராமம் என்று வழங்கிய ஊர். 1692-ஆம் வருஷத்தில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட விசாரணைக்கு வித்து விழுந்த இடம் அதுதான். அந்த விசாரணையில், இன்னாருடைய ஆவி இரவிலே வந்து என் கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் அதையே சாட்சியமாக ஏற்றுக்கொண்டார்கள். அதில் உட்கார்ந்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதார்ன்; அந்தக் குடும்பத்தின் பெயரை இன்னமும் தாங்கி நிற்கும் குன்றின் மேல்தான், ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து, 1878-இல், இந்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆனால் அதைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்தது இருட்டு அன்று, வெளிச்சம். பிலடெல்பியாவில் மனநோய் ஆஸ்பத்திரியை நடத்திய தாமஸ் ஸ்டோரி கிர்க்பிரைடு என்ற வைத்தியர், புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டு வைத்த ஒரு காலத்தில், அவர்களுக்கு வேண்டியது காற்றும் சூரிய ஒளியும் கண்ணுக்கு இதமான தோட்டமும்தான் என்று மனப்பூர்வமாக நம்பியவர். நடுவில் அலுவலகம், அதன் இருபுறத்திலும் படி படியாகப் பின்வாங்கிக்கொண்டே போகும் சிறகுகள், ஒவ்வொரு சிறகும் அடுத்ததன் வெளிச்சத்தையும் காற்றையும் மறைக்காதபடி விலகி நிற்கும் அமைப்பு, சாந்தமான நோயாளிகள் நடுவுக்கு அருகில், உக்கிரமானவர்கள் கடைக்கோடியில் என்பது அவர் வகுத்த திட்டம். டான்வர்ஸ் கட்டடம் அந்தத் திட்டத்தின் பிரகாரம் செங்கல்லால் எழுப்பப்பட்டது. ஆகாயத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது சிறகு விரித்த வௌவாலைப் போல இருந்தது. கருணையினால் வரைந்த ஒரு வரைபடம் பின்னால் வந்தவர்களுக்கு வௌவாலாகத் தெரிந்தது பெரிய துர்ப்பாக்கியம்.

அந்தத் துர்ப்பாக்கியம் தானாக வரவில்லை. சுமார் 500 பேருக்கென்று கட்டிய இடத்தில் 1930-களின் கடைசியிலும் 1940-களிலும் 2,000 பேருக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். நோயாளிகள் பெருகினார்களே ஒழிய, காசும் ஆட்களும் அதற்கேற்பப் பெருகவில்லை. காற்றையும் ஒளியையும் மருந்தாக நினைத்த கட்டடங்களுக்குள், கண் குழியின் வழியாக ஊசி போன்ற கருவியைச் செலுத்தி மூளையைக் குத்தும் சிகிச்சை வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். வால்டர் ஃப்ரீமன் என்ற அமெரிக்க வைத்தியர் 1946-இல் அந்த முறையைத் தொடங்கினார். நூறு பேரைச் சமாதானப்படுத்த நூறு தாதிகள் இல்லாதபோது, சமாதானமாய் இருக்கும்படி மூளையையே மாற்றிவிடுவது மலிவு என்ற கணக்கு அதில் இருந்தது. கடைசியில் 1992-இல் ஆஸ்பத்திரியை மூடினார்கள்.

ஒரு விசித்திரமான ஒற்றுமையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெரிய மாளிகையைக் கட்டி முடிக்க ஆன செலவு 15 லட்சம் டாலர் என்று சொல்கிறார்கள். அதற்குள் புகுந்து படம் எடுக்க பிராட் ஆண்டர்சனுக்குக் கிடைத்த தொகையும் ஏறக்குறைய அதே 15 லட்சம் டாலர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு குன்றின் தலையையே மூடும்படி செங்கல் அடுக்கப் போதுமாயிருந்த பணம், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹாலிவுட் கணக்கில் ஏழைப் படம் என்று பெயர் வாங்கித் தரும் பணமாயிற்று.

அந்த ஏழ்மை படத்துக்குச் செய்த உபகாரம் கொஞ்சமன்று. கோரமான பிராணி எதையும் செய்து காட்டக் காசு இல்லை. ஆகையால் இருக்கிறதை உற்றுப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. சுவரிலிருந்து பாளம் பாளமாய் உரிந்து தொங்கும் வர்ணத்தையும், தாழ்வாரத்தின் நடுவில் தனியே நிற்கும் ஒரு சக்கர நாற்காலியையும், உடைந்த ஜன்னல் வழியாக விழும் கோடைகாலத்து வெயிலையும் காமிரா நிதானமாகப் பார்க்கிறது. இதைப் படம்பிடித்தவர் ஊட்டா பிரீஸெவிட்ஸ் என்ற பெண்மணி. பிலிம் சுருளுக்குப் பதிலாக, அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த டிஜிட்டல் காமிராவில், விநாடிக்கு 24 சட்டம் என்ற கணக்கில் எடுக்கப்பட்ட ஆரம்பகாலக் கதைப் படங்களில் இதுவும் ஒன்று. அந்தக் காமிராவில் பிலிமுக்கே உரிய மென்மை கிடையாது. மத்தியான வெயில் சற்று வெறுமையாய், துவைத்து வெளிறிய துணிபோல விழுகிறது. வேறு படத்தில் அது குறையாகத் தோன்றியிருக்கும். இங்கே அதுவே பொருத்தம். வேலை செய்கிற மனிதன் பகல் இரண்டு மணிக்குப் பார்க்கிற வெயில் அப்படித்தான் இருக்கும்.

கல்நாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லாயிருந்தும் நாராய் உரிகிற அதிசயத்தை நம் மொழி ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. நெருப்பில் வேகாது, ஆவியின் சூட்டைத் தாங்கும் என்பதனால், கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் அதைச் சுற்றிப் போர்த்தினார்கள். இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளில் அது இல்லாத சுரங்கப் பாதை இராது. அந்த நார் நெடுக்குவாக்கில் பிளந்து பிளந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகி, மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தைத்துக்கொள்கிறது. சரீரத்தால் அதைச் செரிக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. பிறகு அது காத்திருக்கிறது. இருபது, முப்பது, சில சமயம் நாற்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக எழுந்திருக்கிறது. என் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்குக் கல்நார்த் தகடுதான் கூரை. ஒடிந்த விளிம்பை நகத்தால் சுரண்டி, வெள்ளையாய் மயிரிழைபோல வருவதை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பறக்கவிட்டு, யாருடையது அதிக தூரம் போகிறது என்று நாங்கள் பந்தயம் கட்டியதுண்டு. ஊதுவதற்கு முன்னால் நன்றாக மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வோம். அன்று நாங்கள் இழுத்த அந்த மூச்சு இந்தப் படம் பார்த்த இரவில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பார்வைக்குத் தெரியாத ஒன்று, அழைக்காமலே உடம்பில் பிரவேசித்து, பல காலம் மௌனமாய்க் குடியிருந்து, ஒரு நாள் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. ஆவி பிடிப்பது என்று நம் ஜனங்கள் சொல்வதற்கு இதைக் காட்டிலும் துல்லியமான இலக்கணம் ஏது? இந்த ஐந்து பேரும் வெள்ளை உடுப்பும் சுவாச முகமூடியும் அணிந்து, பிளாஸ்டிக் விரிப்புகளால் அறையை அடைத்துக்கொண்டு, தினந்தோறும் அதனோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். ஆகவே மற்றொரு கண்காணாத வஸ்து அந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று படம் சொல்லும்போது நமக்கு அது நூதனமாகவே படுவதில்லை.

ஒலிநாடாக்களில் இருக்கிறது அந்த இரண்டாவது வஸ்து. மைக் என்பவன் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன், வாசிப்பில் ருசியுள்ளவன். பழைய பதிவேடுகள் கிடக்கும் அறையில், மேரி ஹாப்ஸ் என்ற நோயாளியின் ஒன்பது அமர்வுகளும் பதிவான நாடாக்கள் அவனுக்குக் கிடைக்கின்றன. வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறான். அந்தப் பெண்ணின் ஒரே தொண்டையிலிருந்து மூன்று பேர் பேசுகிறார்கள். பிரின்சஸ் என்கிற சிறுமி நாக்கில் குடியிருக்கிறாளாம், ஓயாமல் பேசுகிறவள் ஆகையால். பில்லி என்கிற பையன் கண்ணில் குடியிருக்கிறானாம், எல்லாவற்றையும் பார்க்கிறவன் ஆகையால். சைமன் என்று இன்னொருவன் உண்டு. அவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே மற்ற இருவரும் வாயடைத்துப் போகிறார்கள். அவன் எங்கே குடியிருக்கிறான் என்ற கேள்விக்கு விடை ஒன்பதாவது நாடாவில் இருக்கிறது. அதுவரைக்கும் வைத்தியரின் சாந்தமான குரல், குழந்தைக் குரல், நாடா சுழலும் இரைச்சல், அவ்வளவுதான். இத்தனை சொற்பச் செலவில் இத்தனை பீதியை உண்டாக்கிய காட்சிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மற்றவர்களில் ஹாங்க் என்பவனைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலை விட்டு வெளியேறுவதே அவனுக்கு எந்நேரமும் தியானம். சுரங்கத்தில் ஒரு சுவரின் செங்கல் சந்திலிருந்து பழைய வெள்ளிக் காசு ஒன்று விழுகிறது. கையை விட்டுத் துழாவுகிறான். இன்னும் காசுகள், மோதிரங்கள், நகைகள் வருகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம், செத்துப்போன நோயாளிகளைத் தகனம் செய்த அடுப்பு. அவன் அதை அறிகிறானோ இல்லையோ, நாம் அறிந்துகொள்கிறோம். அநாதைப் பிரேதங்களோடு போன சொற்ப ஆஸ்தி ஒரு கூலிக்காரனுடைய விடுதலைப் பத்திரமாகிறது. அதை எடுக்க அவன் நள்ளிரவில் தனியே திரும்பி வருகிறான். விக்கிரமாதித்தன் மரத்துக்குத் திரும்பியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அவன் வாக்குக்காகத் திரும்பினான்; இவன் இனித் திரும்பவே வேண்டாம் என்பதற்காகத் திரும்பினான். இருவருக்கும் வழி மயானத்தின் ஊடேதான்.

ஜெஃப் என்ற பையன் கார்டனுக்கு மருமகன் முறை. புதிதாய் வேலைக்கு வந்தவன், இருட்டுக்குப் பயந்தவன். வெளியே ஜெனரேட்டர் நின்றுபோகிற சமயத்தில் அவன் சுரங்கப் பாதையில் இருக்கிறான். பாதையின் உச்சியில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட பல்புகள் எல்லாம் ஒரே கணத்தில் அணையவில்லை. அவனுக்குப் பின்னால், தூரத்தில் ஒன்று அணைகிறது, பிறகு அதற்கு இந்தப் பக்கத்துப் பல்பு, பிறகு அடுத்தது. பையன் ஓடுகிறான். பின்னால் துரத்தி வருகிற உருவம் ஏதும் இல்லை. இருட்டுதான் ஓடி வருகிறது. ஒவ்வொரு பல்பையும் தாண்டும்போது அவன் முகத்தில் வெளிச்சம் விழுந்து எழுகிறது. அடுத்த அடியில் அது இல்லை. பல்புகளையும் ஒரு விசையையும் தவிர இந்தக் காட்சிக்கு ஆன செலவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். மின்சாரம் மறுபடி வந்ததும், நிறுத்திவைக்காமல் விட்ட நாடா தானாகவே சுழலத் தொடங்கி, ஆளில்லாத அறையில் ஒன்பதாவது அமர்வைப் பேசுகிறது. கேட்பாரில்லாத இடத்தில் பேசுகிற அந்தக் குரலை நான் இன்னமும் மறக்கவில்லை.

குறையே இல்லாத படம் என்று நான் சொல்லவில்லை. கடைசிப் பத்து நிமிஷத்தில், அதுவரை மறைத்து வைத்ததை எல்லாம் துண்டு துண்டான காட்சிகளாய் அவசரமாகக் கொட்டிவிடுகிறார்கள். நாம் ஊகித்திருந்ததை மறுபடி நம் கையில் திணிப்பது ரசிகனை மதிக்கும் காரியமன்று. கட்டடத்துக்குள் குடியிருந்த வீடற்ற ஒரு பெண்மணியின் உபகதையையும் எடுத்திருந்து, பிறகு நீக்கிவிட்டார்கள். அது சரியான தீர்ப்பு. அவள் இருந்திருந்தால் குற்றத்தைச் சுமத்த நமக்கு ஒரு வெளியாள் கிடைத்திருப்பாள். பணத்தைப் பொறுத்தமட்டில் படம் கொட்டகைகளில் ஓடவில்லை. வீட்டில் வட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித்தான் அதற்குக் கீர்த்தி வந்தது.

கார்டன் வேஷத்தில் வரும் பீட்டர் மல்லன் ஸ்காட்லாந்துக்காரர். 1998-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்ற கௌரவத்தைப் பெற்றவர். அவர் முகத்தில் நடிப்பைத் தேட வேண்டியதில்லை. நான்கு இரவு தூங்காத மனிதனின் முகம் அப்படியே இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவனை முதலில் அரளவைத்தது எது என்று கேட்பதில்லை. கார்டன் இருட்டுக்குள் நுழையும்போதே அரண்டவனாகத்தான் நுழைகிறான். குறைந்த நாளில் முடிப்பதாய்ச் சொன்ன டெண்டரும், அழுகிற குழந்தையும், காலி கஜானாவும் அவனை முன்னமே அரளவைத்துவிட்டன. வேலை கிடைத்த சந்தோஷத்தில் பூங்கொத்தோடு வீட்டுக்குப் போன அன்று, மனைவி கை தவறிக் கொட்டிய கொதிநீர் அவன் காலில் பட்டது; அவன் கை நீண்டது; அதற்கு மேல் நடந்ததை அவனே தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. சைமன் என்ற குரல் கடைசி நாடாவில் தன் இருப்பிடத்தைச் சொல்கிறது: பலமிழந்தவர்களிடத்திலும் காயம்பட்டவர்களிடத்திலும் குடியிருக்கிறேன் என்கிறது. அப்போது கார்டன், ஒரு காலத்தில் மேரி ஹாப்ஸ் அடைபட்டிருந்த அறையில் உட்கார்ந்து, உடைந்துபோன கைப்பேசியைக் காதில் வைத்து, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இடையில் ஒரு தடவை அவன் ஆஸ்பத்திரியின் இடுகாட்டில் போய் உட்காருகிறான். அங்கே கற்களில் பெயர் இல்லை, நம்பர்தான் உண்டு. இதுவும் கற்பனையன்று, டான்வர்ஸில் இறந்தவர்களை அப்படித்தான் புதைத்தார்கள். பிற்காலத்தில், அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளாய் இருந்து பிழைத்து வந்தவர்கள் சிலரே கூடி, புதர் மூடிய அந்த இடத்தைச் சீர்செய்து, எந்த நம்பர் யாருடையது என்று தேடிப் பிடித்து, பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். இவ்வளவு மேலான காரியத்தை எந்த அரசாங்கமும் அந்தக் குன்றின் மேல் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

கட்டடத்தின் பெரும் பகுதியை 2006-இல் இடித்துவிட்டார்கள். நடுப் பகுதியின் செங்கல் முகப்பை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் பின்னால் அடுக்கு வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இடிப்பதற்கு முன்னால் கல்நாரை எடுத்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே படக்காரர்கள் போன பிறகு, கதையில் வந்தவர்களைப் போலவே, வெள்ளை உடுப்பணிந்த உண்மையான ஆட்கள் காலை வேளையில் சாப்பாட்டுப் பெட்டியும் முகமூடியும் எடுத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரங்களில் நடந்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு மேஸ்திரி இருந்திருப்பான். இத்தனை நாளில் முடித்துத் தருகிறேன் என்று அவனும் யாரிடமோ ஒப்புக்கொண்டிருப்பான்.